ஸ்பீக்கர் ஒயர்: ஜாலான் பாசார் சுருளிலிருந்து ஆயிரம் வெள்ளிப் பெட்டி வரை

ஒயரை மாற்றினால் பாட்டு மாறுமா? மெலிசான ஒயரைக் கழற்றிவிட்டுத் தடிமனானதைப் போட்டால் மாறும். ஏற்கெனவே தடிமனாக இருப்பதைக் கழற்றிவிட்டு விலை கூடியதைப் போட்டால் மாறாது. இதைச் சொன்னதும் ஹைஃபை கடைகளில் முகம் சுருங்கும். ஆனால் இதில் ரசனைக்கு இருக்கும் இடத்தைவிடக் கணக்குக்கு இருக்கும் இடம்தான் பெரிது. கோலாலம்பூரில் கைக்கு எட்டும் ஒயர் வகைகளை அந்தக் கணக்கோடு வைத்து இங்கே பார்ப்போம்.

ஒயரின் குணத்தை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தடை, மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் தூண்டம், இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்னூட்டத்தைத் தேக்கும் கொள்திறன். வீட்டு ஹாலில் ஓடும் நீளங்களுக்கு முக்கால்வாசிக் கதை மின்தடையிலேயே முடிந்துவிடும். செம்புக் கம்பியில் போக வர இரண்டு வழியும் சேர்த்து, ஒரு மீட்டருக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 46 மில்லிஓம், 1.5இல் 23, 2.5இல் 14, 4இல் ஏறக்குறைய 9. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் கடைக்காரர் சொல்லும் பாதிக் கதையைக் கேட்காமலே கடந்துவிடலாம்.

மின்தடை கூடினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வளவு மட்டும் என்றால் வால்யூமைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் 8 ஓம் என்று அச்சடித்த ஸ்பீக்கர் எல்லாச் சுரத்துக்கும் 8 ஓம் காட்டாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒலிக்கும் கீழ்ப்பகுதியில் எங்கோ ஓரிடத்தில் 30 ஓம் வரை ஏறும், குரல் பகுதியில் 3.2 ஓம் வரை இறங்கும். 10 மீட்டர் நீளத்துக்கு 0.75 ஒயர் போட்டால் ஒயரின் தடை 0.46 ஓம். ஸ்பீக்கர் 3.2 ஓம் காட்டும் இடத்தில் 1.17 டெசிபல் இழப்பு, 30 ஓம் காட்டும் இடத்தில் 0.13 மட்டும். இரண்டுக்கும் ஒரு டெசிபல் வித்தியாசம். குரல் சற்றுப் பின்வாங்கி, பாஸ் சற்று ஊதிக் கேட்கும். கவனித்துக் கேட்பவருக்கு இது பிடிபடும். அதே 10 மீட்டரில் 2.5 செம்பு போட்டால் வித்தியாசம் 0.33 டெசிபலாகச் சுருங்கும், 5 மீட்டர் போதுமென்றால் 0.17. அதற்குக் கீழே இறங்கக் காசு கொட்டலாம், காதுக்கு எட்டாது.

பழக்கத்தில் உள்ள எளிய விதி, ஒயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2. அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் நிறுவனமான மெக்கின்டாஷில் ஒலியியல் ஆய்வுக்குத் தலைமை வகித்த ரோஜர் ரஸ்ஸல் தந்த அட்டவணையும் இதே கணக்குதான். கொஞ்சம் தாராளமாகப் போக நினைப்பவர்கள் அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம், பர்ஸ் தாங்கும்.

தூண்டத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. சாதாரண இரட்டை ஒயரில் மீட்டருக்குச் சுமார் 0.6 மைக்ரோஹென்றி. 5 மீட்டருக்கு 3. மனிதக் காதின் உச்சியான 20,000 ஹெர்ட்ஸில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் வரும் இழப்பு ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்கு. 'ட்ரெபிள் திறந்துகொண்டது' என்று ஒயருக்குப் புகழ் பாடுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசலாம். மேற்பரப்பு விளைவு என்று பயமுறுத்துவதும் இப்படித்தான். 20,000 ஹெர்ட்ஸில் செம்பின் மேல் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில்தான் மின்னோட்டம் பெரும்பாலும் ஓடும் என்பது உண்மை. 2.5 ஒயரில் அதனால் கூடும் தடையோ 5 மீட்டருக்குச் சில்லறை மில்லிஓம்கள்.

கொள்திறன் மட்டும் ஓர் ஓரத்தில் கவனம் கேட்கும். பல மெல்லிய கம்பிகளைக் கூந்தல்போல் பின்னிய ஒயர்களில் தூண்டம் குறையும், ஆனால் கொள்திறன் பல மடங்கு ஏறும். சில ஆம்ப்களின் வெளிவாயிலில் பாதுகாப்புச் சுருள் இருக்காது. அவை இத்தகைய ஒயரைக் கண்டால் கேட்காத அதிர்வெண்ணில் ஊசலாடிச் சூடேறும், சில நேரம் எரிந்தும் போகும். நேம் நிறுவனம் தன் ஆம்ப்களுக்குத் தன் ஒயரையே, அதுவும் 3.5 மீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்வது இதனால்தான். ஆக, விலை கூடிய ஒயர் சும்மா இருப்பது மட்டுமல்ல, ஆம்பைக் கெடுக்கவும் கூடும்.

இனி கடைக்குப் போவோம். கோலாலம்பூரில் ஒயர் என்றால் முதலில் புடு பக்கம் ஜாலான் பாசார். எலக்ட்ரானிக் உதிரிப் பாகமும் பிஏ (மேடை ஒலிபெருக்கி) சாமானும் வரிசையாக விற்கும் தெரு. சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலில் ஹைஃபை கடைகள், அங்கே பிராண்ட் ஒயர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். மூன்றாவது இணையக் கடைகளான ஷோப்பி, லசாடா. மூன்றில் எதற்குப் போனாலும் முதல் கேள்வி விலை அல்ல, உள்ளே இருப்பது செம்பா என்பதுதான்.

சந்தையில் கிடைக்கும் மலிவு ஒயர்களில் கணிசமானவை சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 2.5 என்று வாங்கினால் கையில் இருப்பது 1.6 செம்புக்குச் சமம். அந்த விலைக்கு அது என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. ஓஎஃப்சி, ஆக்சிஜன் இல்லாச் செம்பு என்று உறையில் அச்சடித்துவிட்டு உள்ளே இதை வைப்பதுதான் கொடுமை. இணையத்தில் இது சர்வ சாதாரணம். தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) மலாயில் நேராகவே கேளுங்கள்: "இனி ஃபுல் காப்பர் கெ, சிசிஏ?" இது முழுச் செம்பா, சிசிஏவா என்று அர்த்தம். நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்லிவிடுவார், இரண்டையும் அருகருகே வைத்து விலையும் சொல்வார். மழுப்பினால் அடுத்த கடை.

வாய்ச்சொல்லை நம்பாதவர்களுக்கு எடை இருக்கிறது. செம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், சிசிஏ 3.3 அளவில். இரட்டைக் கம்பி 2.5 ஒயர் 10 மீட்டரில் உலோகம் மட்டும் செம்பு என்றால் கிட்டத்தட்ட 450 கிராம், சிசிஏ என்றால் 170 கூட வராது. உறையின் எடை இரண்டுக்கும் பொது. 100 மீட்டர் சுருள் என்றால் உறையும் உருளையும் சேராமலே நாலரை கிலோ இருக்க வேண்டும். முழுச் சுருளே மூன்று கிலோ என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசு போதும்.

அடுத்தது வெட்டு முகம். கூர்மையான பிளேடால் ஒரே வெட்டாக வெட்டி, கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியே செம்பு, நடுவில் வெள்ளி நிறம் என்றால் சிசிஏ. வெளியே வெள்ளி நிறம், நடுவில் செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. அது நல்ல சரக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம். லைட்டரில் காட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நம்பாதீர்கள். 0.1 மில்லிமீட்டர் இழை அசல் செம்பாகவே இருந்தாலும் சுடரின் உச்சியில் உருண்டுவிடும்.

மின்தடையை அளக்க நினைத்துச் சாதாரண மல்ட்டிமீட்டரை எடுத்தால் ஏமாற்றம்தான். அதன் கம்பிகளே 0.2 ஓம் காட்டும். 10 மீட்டர் ஒயரின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையால் 1 ஆம்பியர் அனுப்பி, அதே முனையில் மில்லிவோல்ட் அளக்க வேண்டும். 2.5 செம்பு என்றால் 140 அளவில் காட்டும், சிசிஏ என்றால் 215ஐத் தொடும். அளக்கும் முனைகளைப் பவர் சப்ளையின் கிளிப் மேல் வைக்காமல் ஒயரின் செம்பு மேலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளிப்பின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொரு வித்தை, இழை எண்ணிக்கை. '200 கோர்', '300 கோர்' என்று உறையில் இருக்கும், கேட்டால் எண்ணிக்கை கூடினால் நல்லது என்பார்கள். ஓர் இழை எத்தனை தடிமன் என்று யாரும் சொல்வதில்லை. 0.1 மில்லிமீட்டர் இழை 200 சேர்ந்தால் 1.57 சதுர மில்லிமீட்டர்தான். பிரிட்டன் க்யூஈடி நிறுவனத்தின் 79 இழை ஒயரில் ஒவ்வோர் இழையும் 0.2, மொத்தம் 2.5. எண்ணிக்கையில் பாதிகூட இல்லை, செம்போ ஒன்றரை மடங்குக்கும் மேல். நிறைய இழை இருந்தால் ஒயர் வளைந்துகொடுக்கும், அந்த ஒரு வசதிதான்.

இப்போது ஒவ்வொன்றாக. ஆம்ப் பெட்டிக்குள் இலவசமாக வரும் சிவப்புக் கறுப்பு நூல் ஒயர்: 2 மீட்டருக்குள் புத்தக அலமாரி ஸ்பீக்கருக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

மீட்டர் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும் பிராண்ட் இல்லாத 2.5 அசல் செம்பு: இதுதான் பெரும்பாலோருக்கு முடிவான விடை. மேலே சொன்ன எடைச் சோதனையில் தேறினால் இதைவிட மேலே போகக் காரணம் எதுவும் இல்லை. ஒளி புகும் உறையைவிட வெள்ளை அல்லது சாம்பல் உறை நல்லது, காரணம் கீழே.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள மின்சார ஃபிளெக்ஸ் ஒயர்: செம்பு பற்றிச் சந்தேகமே வேண்டாம், தரக் கட்டுப்பாடு ஸ்பீக்கர் ஒயரைவிடக் கடுமை. ஒலிக்கு முதல் தரம். தோற்றம்தான் ஃபேன் ஒயர் மாதிரி இருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: வீட்டில் வேறு யாராவது பார்த்து, கரண்டு ஒயர் என்று நினைத்து மறுமுனையில் 13 ஆம்பியர் பிளக் மாட்டிவிடாதபடி இரண்டு பக்கமும் 'ஸ்பீக்கர்' என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

ஜப்பான் கனாரே 4எஸ்11: உள்ளே நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4க்கும் மேல். அரங்குகளிலும் ஸ்டூடியோக்களிலும் புழங்கும் சரக்கு, உறை வலுவானது, தூண்டமும் குறைவு. நீளம் கூடிய இடத்துக்கு இதுவே எங்கள் தேர்வு. நான்கு கம்பிகளில் எதிரெதிர் மூலையில் இருப்பவற்றைச் சேர்க்க வேண்டும். பக்கத்துக் கம்பிகளைச் சேர்த்தாலும் பாடும், ஆனால் இந்த ஒயரை வாங்கிய பயனில் ஒரு பங்கு போய்விடும். கெட்டியான ஒயர், சின்ன ஸ்பீக்கரை ஸ்டாண்டிலிருந்து இழுக்கும் அளவுக்கு முறுக்கு உண்டு. பெல்டன் 5000யூஈ, 12 கேஜ் தடிமன், இதே வகை வேலைக்குதிரை. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு வெல்வெட் பெட்டியில் வரும் ஜோடிகள்: கட்டுமானம் அழகு, முனைகள் நேர்த்தி, மறுவிற்பனை மதிப்பும் உண்டு. ஒலிக்கு மேலே சொன்ன 2.5க்கு மேல் எதுவும் தராது. வெள்ளிக் கம்பி என்று கூடுதல் விலை கேட்பார்கள். வெள்ளி செம்பைவிட 5, 6 விழுக்காடுதான் நன்றாகக் கடத்தும். அதே பலனுக்கு 5 மீட்டர் செம்பு ஒயரை 30 சென்டிமீட்டர் குறைத்து வெட்டினால் போதும். ஆக்சிஜன் இல்லாச் செம்புக்கும் சாதாரண மின்சாரச் செம்புக்கும் கடத்துதிறனில் ஒரு விழுக்காடு வித்தியாசம்.

அப்படியானால் ஒயர் மாற்றியதும் ஒலி மாறியதாகப் பலர் உறுதியாகச் சொல்கிறார்களே? பல நேரம் அது உண்மைதான், காரணம் மட்டும் வேறு. 10 மீட்டர் 0.75ஐ எடுத்துவிட்டு 2.5 போட்டால் 6 ஓம் ஸ்பீக்கரில் சத்தம் 0.44 டெசிபல் கூடும். இவ்வளவு சின்ன ஏற்றத்தைக் காது 'சத்தம் கூடியது' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, பழைய ஒயரைக் கழற்றும்போது பச்சை பிடித்த முனையும் தளர்ந்த திருகும் சேர்ந்தே சரியாகிவிடுகின்றன. புகழ் புது ஒயருக்குப் போய்விடுகிறது. மூன்றாவது, பழைய இணைப்பில் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்து, புது ஒயரில் அது தற்செயலாக நேராகியிருக்கும். இது நடந்தால் இரவும் பகலும்போல் வித்தியாசம் தெரியும்: பாஸ் திரும்பி வரும், பாடகர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நிற்கும்.

அதனால் எந்த ஒயர் போட்டாலும் கடைசியில் துருவத்தைச் சரிபாருங்கள். ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் ஏஏ பேட்டரியை ஒயரின் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பில் பட்டால் வூஃபர் பெரும்பாலும் முன்னால் தள்ளும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.

ஒயர்களை நியாயமாக ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் ஒலி ஓடவிட்டு, இரண்டு ஒயருக்கும் வோல்ட் அளவை ஒரு விழுக்காட்டுக்குள் சமமாக்குங்கள். பிறகு இன்னொருவர் மறைவில் மாற்ற, கேட்பவர் எது எதுவென்று சொல்ல வேண்டும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் ஏதோ கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அப்படி அமைய 100இல் 4 வாய்ப்புதான். மாற்றுபவர் அறையில் நின்று முகத்தைக் காட்டக் கூடாது.

நம் ஊரில் ஒயரின் நிஜ எதிரி ஈரக்காற்று. ஒளி புகும் பிவிசி உறைக்குள் செம்பு சில ஆண்டுகளில் பச்சையாகும். உறையை இளக்கச் சேர்த்த பொருளும் ஈரமும் செம்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. நடுவில் பச்சையாக இருப்பதால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்குத்தான் உறுத்தல். முனையில் பச்சையாக இருந்தால்தான் ஆபத்து. தொடுதடை ஏறும், ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாக உறை சீவினால் தீர்ந்தது. இதற்காகவே ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் உபரி விட்டு வையுங்கள். சிசிஏ என்றால் வெட்டு முனையில் செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும், திருகின் கீழ் நசுங்கி உடையவும் செய்யும்.

முனை போடும்போது 12 மில்லிமீட்டர் உறை சீவி, இழைகளை இறுக முறுக்கி, திருகுமுனையில் நேரடியாக மாட்டுவதே எளிதும் சிறப்பும். சீவும் கத்தி இழைகளை வெட்டிவிடக் கூடாது, வெளியே ஓர் இழைகூட நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக் கூடாது. அந்த ஒற்றை இழைதான் ஆம்பைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளும் வழக்கமான குற்றவாளி. இழைகளுக்கு ஈயப்பற்று வைத்துவிட்டுத் திருகால் இறுக்குபவர்கள் உண்டு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்து கொடுக்கும், சில மாதத்தில் திருகு தளரும். பனானா பிளக் (ஒயர் முனையில் மாட்டும் ஒற்றை முள் பிளக்) வேண்டுமென்றால், ஆம்பின் திருகுமுனைத் துளையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் அடைப்பை முதலில் நெம்பி எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் இரண்டு முள் மின் சாக்கெட்டில் 4 மில்லிமீட்டர் பனானா நுழைந்துவிடும் என்பதற்காக அங்கே வைக்கப்பட்ட தடை அது. ஸ்பிரிங் கிளிப் உள்ள மலிவு ஆம்பில் தடித்த ஒயர் நுழையாது. நுழைய வைக்க இழைகளைக் கத்தரிக்காதீர்கள், மின்சாரக் கடையில் கிடைக்கும் ஃபெர்ரூல் குழாயை நசுக்கிப் போடுங்கள்.

இடது வலது ஒயர் சம நீளமாக இருக்க வேண்டும் என்று 4 மீட்டர் உபரியைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் தேவையில்லாத வேலை. 2.5 செம்பில் 4 மீட்டர் வித்தியாசம் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.06 டெசிபல். நேர வித்தியாசம் ஒரு நொடியில் பத்துக் கோடியில் சில பங்கு. ஒவ்வொன்றையும் அதன் தேவைக்கு வெட்டுங்கள்.

ஹோம் தியேட்டருக்குப் பின்பக்க ஸ்பீக்கர் வைக்கும் தெரஸ் வீடுகளில்தான் நீளம் கைமீறும். டிவி மேசையிலிருந்து சுவரேறி, உச்சவரம்பு வழியாகப் பின்சுவருக்கு இறங்க 15 மீட்டர் எளிதாக ஓடிவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அங்கேயும் 2.5 போதும். 4 ஓம் என்றால் தடை 0.2ஐத் தொட்டுவிடும், 4 சதுர மில்லிமீட்டர் அல்லது கனாரே போடுங்கள். கரண்டு ஒயர் போகும் குழாய்க்குள் இதைத் திணிக்காமல் ஒரு அடி தள்ளியே ஓட்டுங்கள். பிளாஸ்டர் சீலிங் மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் எண் எழுதிய டேப் ஒட்டி, மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சியும், இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஷார்ட் இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். சீலிங் ஆள் அடிக்கும் திருகு ஒயரைத் துளைத்திருந்தால் அப்போது கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை, பெயின்ட் அடித்த பிறகென்றால் சீலிங்கை மறுபடி உடைக்க வேண்டிவரும்.